நான்காம் கேள்வி

தேஹா தீவில் ஜூலை, குளிர்காலம்.
நாற்பத்து மூன்று விடைத்தாள்கள்.
துறையின் ஹீட்டர் ஒரு பக்கம் மட்டும் சுடும்;
இடது முழங்கால் வேக, வலது விறைக்க
சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்திருக்கிறேன்.

முதல் கேள்வி எட்டு ராணிகள்,
ஒருத்தி இன்னொருத்தியை வெட்டாதபடி.
பாதிப் பேர் ஏழு பேரைக் குடியமர்த்திவிட்டு
எட்டாவது ராணியை
தாளின் ஓரத்தில் நிற்கவைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது, நரியும் ஆடும் முட்டைக்கோசும்
ஆற்றைக் கடக்க வேண்டும்.
பாஸ்தியான் என்றொரு பையன்
ஆட்டை இக்கரையிலேயே விற்றுவிடச் சொல்கிறான்.
அரை மதிப்பெண் போட்டேன்,
பிறகு அடித்தேன்,
பிறகு போட்டேன்.

மூன்றாவது, ஊகம்.
போகவேண்டிய தூரத்தை ஊகிக்கலாம்;
குறைத்துச் சொன்னால் குற்றமில்லை,
உள்ளதைவிடக் கூட்டிச் சொல்லிவிடக் கூடாது.
அப்படி ஊகிக்கிற இயந்திரம்தான்
குறுக்குவழியைத் தவறவிடாதாம்.
இதை எல்லாரும் மனப்பாடமாக எழுதியிருக்கிறார்கள்.
ஒருவருக்கும் புரிந்த மாதிரித் தெரியவில்லை.

நான்காவது:
ரோபோ ஒரு கோப்பையை
மேஜையிலிருந்து ஜன்னலோரம் நகர்த்துகிறது.
அதன்பின் எவையெல்லாம் மாறவில்லை, எழுதுக.

இயந்திரத்துக்கு இது தானாகத் தெரியாது.
கோப்பை நகர்ந்தால்
கூரை இருக்குமா என்றுகூட அதற்குச் சந்தேகம்.
சுவரின் நிறம், கதவின் பூட்டு, எரிகிற விளக்கு,
ஒவ்வொன்றுக்கும் நாம்தான் வாக்குக் கொடுக்க வேண்டும்.
பேராசிரியர் ஒயார்சூனின் விடைக்குறிப்பில்
நான்கு வரி. நான்கு மதிப்பெண்.

யனாரா கோன்யுவேகார்
மூன்று பக்கம் எழுதியிருக்கிறாள்.

தொடக்கம் ஒழுங்காகத்தான் இருக்கிறது.
மேஜை இருந்த இடத்தில். சுவர் வெள்ளை. கதவு மூடியபடி.
ஐந்தாம் வரியில் குறியீடுகள் தீர்ந்து
வெறும் வாக்கியங்கள் வருகின்றன.

கோப்பையை நகர்த்திய பின்னும்
கொர்ராலுக்கு முதல் படகு ஆறரைக்குத்தான்.
மீன்சந்தைப் படிக்கட்டில் கடற்சிங்கங்கள்
அதே தலைகளுக்குச் சண்டை போடுகின்றன.
மழை மாறவில்லை.
பெய்துகொண்டே இருப்பதை
மாறாதது என்று சொல்லலாமா, தெரியவில்லை.
அண்ணன் புன்தா அரேனாஸில்தான் இருக்கிறான்.
கரண்ட் பில் அப்பா பெயருக்குத்தான் வருகிறது.
அவருடைய ரப்பர் பூட்ஸ் கதவோரம்,
வலது இடதின் மேல் சாய்ந்தபடி.
அவர் நம்பருக்கு அடித்தால் மணி போகிறது,
யாரோ சார்ஜ் போடுகிறார்கள்.
நான்கு தட்டுகள்.
படகின் நீலம்.
வலையில் போட்ட முடிச்சு
அவிழ்க்கத் தெரிந்தவர் இல்லாததால் அப்படியே.

மூன்றாம் பக்கத்தின் அடியில்,
நேரம் முடிந்து தாளைப் பிடுங்கியிருப்பார்கள் போல,
கிறுக்கலாக:
நகர்ந்தது ஒரு கோப்பை மட்டும்தானே.

மார்ச்சில் இரண்டு வாரம் அவள் வரவில்லை.
வருகைப் பதிவேட்டில் நான்தான்
பத்துக் கட்டங்களில் பத்துக் குறுக்குக்கோடு போட்டேன்.
காரணம் என்ற இடத்தில் குடும்பம் என்றிருந்தது.
குடும்பம் என்றால்
கல்யாணம் என்று நினைத்துக்கொண்டேன்.

நான்கு மதிப்பெண் போட்டேன்.
அதற்குமேல் போட அந்தக் கட்டத்தில் வழியில்லை.
குறிப்பு எழுதவேண்டிய இடத்தில்
பட்டியல் முழுமையாக இல்லை என்று எழுதினேன்.
எழுதியதும் கை நின்றுவிட்டது.
பட்டியல் முழுமையாகாது என்பதுதானே
பேராசிரியர் இரண்டு வாரம்
பலகை பலகையாக அழித்து எழுதிய பாடம்;
சட்டகச் சிக்கல் என்று அதற்குப் பெயர்கூடச் சொன்னார்.
கீழே இன்னொரு வரி சேர்த்தேன்:
யாருடையதும் முழுமையாக இருக்காது.
அது ஆறுதலா திருத்தமா
எனக்கே தெரியாது.

என் டீ ஆறிப்போயிருந்தது.
எழுந்து கோப்பையை ஜன்னலோரம் வைத்தேன்.
வைத்துவிட்டுத் திரும்பி
அறையை ஒருதரம் பார்த்தேன்.

ஹீட்டர் அதே பக்கம்.
பேனா சிவப்பு.
வெளியே காயே-காயே ஆற்றின்மேல் மழை.
இன்னும் பத்தொன்பது தாள்கள்.
ஒரு மணி நேரம் ஆகும் என்று ஊகித்தேன்,
கூட்டிச் சொல்லிவிடக் கூடாதே என்று.